இட்லி தட்டில் ஒரு கதை: 'வெண்பா' கேமுக்கு பாஃப்டா விருது, கேம் டைரக்டர் ஆவது எப்படி?

"எப்பப் பாரு போன்ல கேம்!" என்று திட்டு வாங்காத வீடே இருக்காது. ஆனால் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் வீடியோ கேம் ஒன்று, 2024 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. அதன் பெயர் 'வெண்பா'. இதை உருவாக்கியவர் என்ன வேலை செய்கிறார்? நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போகலாமா?

'வெண்பா'வில் என்ன கதை?

கனடாவின் டொராண்டோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு நிறுவனத்தின் படைப்பு இது. பின்னணியில் இருப்பவர் 'அபி' என்ற பெயரில் அறியப்படும் தமிழர். 2023 ஜூலை 31-ல் வெளியானது.

1980-களின் இறுதியில் வெண்பாவும் கணவர் பாவலனும் கனடாவில் குடியேறுகிறார்கள். மகன் கவின் வளர வளர, தமிழிலிருந்தும் வீட்டுச் சாப்பாட்டிலிருந்தும் விலகிப் போகிறான். வெண்பாவிடம் இருப்பது அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு. அது கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை யூகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைப்பதுதான் விளையாட்டு. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

2024 மார்ச்சில் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவில் முதன்மைப் பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டாவும் வந்தது.

கேம் டைரக்டர் என்ன செய்வார்?

சினிமா டைரக்டர் நாம் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். கேம் டைரக்டரோ நாம் எதைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறார். கதை, படம், இசை, புரோகிராமிங் எல்லாம் அந்த ஒரு முடிவைச் சுற்றித்தான் அமையும்.

'வெண்பா'வில் இட்லி தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது ஒரு புதிர். மேல் தட்டை மாற்றி வைக்கவில்லை என்றால் இட்லி சரியாக வராது. நம் அம்மாக்கள் யோசிக்காமல் செய்யும் வேலை அது. விளையாடுபவர் அதைத் தானே கண்டுபிடிக்கும்போது, அந்த அறிவின் மதிப்பு புரிகிறது. பின்னால் ஆட்டம் மகன் கவின் கைக்கு மாறும். அப்போது அம்மாவின் நோட்டைப் பார்த்துச் சமைக்க வேண்டியவர் நாம். 'ஆழ்ந்து மூழ்கவைக்கும் கதைசொல்லல்' என்பது இதுதான். விலை உயர்ந்த வி.ஆர் கண்ணாடி இதற்குக் கட்டாயம் இல்லை.

குயிலாப்பாளையத்தில் என்ன கதை இருக்கு?

விழுப்புரம் மாவட்டம், ஆரோவில் பக்கத்தில் இருக்கும் குயிலாப்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வரும். பாத்தியில் தண்ணீர் கட்ட வேண்டும். வெயில் காய வேண்டும். விளைந்த உப்பை வாரிக் குவிக்க வேண்டும். அதற்குள் மழை வந்தால் உழைப்பு கரைந்துவிடும்.

இதை ஒரு கேமாக யோசித்துப் பாருங்கள். உப்பை இன்றே வாருவதா, இன்னும் ஒரு நாள் காயவிடுவதா? வானத்தில் மேகம் கூடுகிறது. முடிவு உங்கள் விரலில். இப்படி ஒரு தொழிலின் தவிப்பை விளையாடுபவரின் கைக்கு மாற்றத் தெரிந்தால், டைரக்டர் வேலையின் பாதி தெரிந்த மாதிரி.

எங்கிருந்து தொடங்குவது?

- நேரடியாக யாரும் டைரக்டர் ஆவதில்லை. புரோகிராமர், ஓவியர், டிசைனர், எழுத்தாளர் என ஏதாவது ஒரு வேலையைக் கற்றுத்தான் மேலே வருகிறார்கள்.
- கோடோ, பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் முழுக்க இலவசம். ஒரு சாதாரண கணினி இருந்தால் பழகலாம்.
- முதல் கேம் 5 நிமிடம் ஓடினால் போதும். ஆனால் முடித்துக் காட்ட வேண்டும். பாதியில் நிற்கும் பெரிய கேமைவிட முடிந்த சின்ன கேமுக்குத்தான் மதிப்பு.
- 2009 முதல் ஆண்டுதோறும் நடக்கும் 'குளோபல் கேம் ஜாம்' போன்ற நிகழ்வுகளில் குறுகிய நேரத்தில் குழுவாக ஒரு கேம் செய்யலாம்.
- பட்டம் முடித்தவர்களுக்கு, தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி-யின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுநிலைப் படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.
- ஸ்டீம் தளத்தில் ஒரு கேமை விற்பனைக்கு வைக்க 100 டாலர் கட்டணம்.

பெற்றோர் பயப்படணுமா?

கேம் என்றாலே ஆன்லைன் ரம்மிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. கதை சொல்லும் கேம்கள் அந்த வகையில் வராது. அதேபோல கேம் ஆடுவது வேறு, கேம் செய்வது வேறு. செய்வதற்குக் கணிதம், மொழி, ஓவியம், பொறுமை எல்லாம் வேண்டும்.

ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. இந்தத் துறையில் வருமானம் உறுதி கிடையாது. வெளியாகும் கேம்களில் பல, போட்ட பணத்தைக்கூட எடுப்பதில்லை. "100 சதவீதம் வேலை" என்று சொல்லும் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன், அங்கே படித்தவர்கள் செய்த கேமைக் காட்டச் சொல்லுங்கள். அதை உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். அதன் பிறகு முடிவெடுக்கலாம்.