வீட்டுக் கணினியில் கோப்பின் அளவும் வட்டில் அது பிடிக்கும் இடமும்

ஒரு கோப்பில் எத்தனை பைட் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. வட்டில் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது வேறொரு கணக்கு. விண்டோஸ் கணினியில் கோப்பின் மேல் வலது சொடுக்குப் போட்டு ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்தால் ‘சைஸ்’, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும். இரண்டும் சரியாக ஒத்துப்போவது அபூர்வம். சி டிரைவ் சிவப்பாகிவிட்டதே என்று பதறி முதலில் குடும்பப் படங்களில் கை வைப்பவர்கள் பலர். இடத்தைத் தின்றது எது என்று அளந்து பார்த்துவிட்டு அழித்தால், அந்தப் படங்களைத் தொடவே வேண்டியிருக்காது.

தென்சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பெருங்குடி 2011இல் மாநகராட்சி எல்லைக்குள் வந்தது. பக்கத்துத் தரமணியில் 2000இல் டைடல் பார்க் திறந்த பிறகு, இந்தச் சாலை நெடுகக் கணினித் துறை நிறுவனங்கள் பெருகின. 2020 ஊரடங்கில் அந்த அலுவலகங்கள் அப்படியே வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. வேலைக் கோப்பும் பிள்ளைகளின் வகுப்பு வீடியோவும் கல்யாண ஆல்பமும் ஒரே மடிக்கணினிக்குள் வந்து சேர்ந்து அதன் வட்டை நெருக்கத் தொடங்கின.

சிறிய சோதனை ஒன்று. நோட்பேடில் ‘பெருங்குடி’ என்று மட்டும் தட்டிச் சேமித்தால் கோப்பின் அளவு 30 பைட். கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. ஆனால் யுனிகோடு முறையில் ப, எகரக் கொம்பு, ர, உகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி, ட, இகர விசிறி எனப் பத்துக் குறியீடுகள். யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். இதே ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் 9 பைட்டோடு முடிந்துவிடும்.

இந்த 30 பைட் கோப்புக்கு விண்டோஸ் 10, 11 கணினிகளில் ‘சைஸ் ஆன் டிஸ்க்’ 0 பைட் என்று காட்டும். பிழையில்லை. விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் பதிவேட்டில் ஒரு சிறு குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பு வழக்கமாக 1 கேபி. கோப்பே மிகச் சிறியதென்றால் உள்ளடக்கமும் அந்தக் குறிப்புக்குள்ளேயே அடங்கிவிடும், தனி இடம் ஒதுக்கத் தேவையில்லை. கொஞ்சம் பெரிதானால் 4 கேபி அளவுள்ள ‘கிளஸ்டர்’ என்ற கட்டங்களாகத்தான் இடம் கிடைக்கும். கல்யாண மண்டபத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை என்று கொடுப்பதைப் போல: ஒருவரே வந்தாலும் அந்த அறை போனது போனதுதான். அதே 30 பைட் கோப்பை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்த 64 ஜிபி பென் டிரைவில் போட்டால் 128 கேபி எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அங்கே கட்டத்தின் வழக்கமான அளவு அது. பல்லாயிரம் குட்டிக் கோப்புகள் உள்ள கோப்புறை, கணினியில் இருந்ததைவிடப் பென் டிரைவில் பல மடங்கு பெருத்துத் தெரிவது இதனால்தான்.

தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கிறதே என்ற கவலை பழையது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்-16 முறையை, யுனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு 2010 ஜூனில் ஏற்றது. அந்த முறையில் பெருங்குடி 10 பைட்டில் முடியும். ஆனாலும் வீட்டு வட்டைப் பொறுத்தவரை இந்தக் கவலை தேவையில்லை. 1,330 குறளும் யுனிகோடில் ஏறத்தாழ 300 கேபிக்குள் அடங்கும். கைப்பேசியில் எடுத்த 3 எம்பி படம் ஒன்றின் இடத்தில் திருக்குறளைப் பத்துத் தடவை வைக்கலாம்.

எழுத்தைப் படமாக ஆக்கும்போதுதான் கணக்கு எகிறுகிறது. ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் புள்ளிக்கு 3 பைட் என்று சுருக்காமல் வைத்தால் 26 எம்பி. சாம்பல் நிறத்தில் 8.7 எம்பி. வெறும் கறுப்பு-வெள்ளையில் 1.1 எம்பி. அதே பக்கத்தைத் தட்டச்சு செய்தால் சில கேபிதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு வடிவில் சேர்த்தது. பெருங்குடிக்குப் பக்கத்தில் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சுப் பக்கங்களைப் படமாகக் காக்கிறது. முதலாவது தேட வசதி. இரண்டாவதில் தாளின் கறையும் பழைய அச்சுருவும்கூடத் தப்பிப் பிழைக்கின்றன, அதற்கு விலை வட்டு இடம். தாத்தாவின் கையெழுத்துக் கடிதங்களை ஸ்கேன் செய்பவர்கள் இடத்துக்கு அஞ்சிக் கறுப்பு-வெள்ளைக்கு இறங்க வேண்டாம். மங்கிய மசி அதில் காணாமல் போய்விடும்.

புது வட்டு வாங்கியவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், 1 டிபி என்று எழுதியிருக்க விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1,000ஆல் பெருக்கி எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுத்துவிட்டு அதையும் ஜிபி என்றே எழுதுகிறது. 512 ஜிபி என்பது 477 ஆவதும் இப்படித்தான். மேக் கணினிகள் 2009 முதல் 1,000 கணக்கையே காட்டுகின்றன. ஆனால் சில நூறு ரூபாய்க்கு ‘2 டிபி பென் டிரைவ்’ என்று விற்பது வேறு கதை. உள்ளே சிறிய சிப்பை வைத்துக் கணினியிடம் பெரிய எண்ணைச் சொல்ல வைத்திருப்பார்கள். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் பாழ். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற நிரல்கள் வட்டு முழுக்க எழுதித் திருப்பிப் படித்துப் பார்த்துக் குட்டை உடைத்துவிடும்.

வீட்டு வட்டில் பெரிய பங்கு வீடியோவுக்கு. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்த 4கே கல்யாண வீடியோ மணிக்கு 45 ஜிபி. அதைத் தொலைக்காட்சியில் போடப் பழைய பென் டிரைவில் நகலெடுத்தால், இடம் காலியாக இருந்தும் ‘கோப்பு மிகப் பெரிது’ என்று மறுக்கும். ஃபாட்32 முறையில் ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்டக்கூடாது. எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றினால் தீரும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் நகல்.

கண்ணுக்குப் படாமல் இடம் பிடிப்பவை வேறு. கணினி உறங்கும்போது நினைவகத்தை வட்டில் எழுதிவைக்கும் ஹைபர்னேட் கோப்பு வழக்கமாக நினைவகத்தில் 40 விழுக்காடு: 16 ஜிபி ரேம் இருந்தால் 6 ஜிபிக்கு மேல். ரேம் போதாதபோது உதவும் பேஜ் கோப்பு தனி. பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு ‘விண்டோஸ்.ஓல்டு’ கோப்புறை பல ஜிபியோடு பத்து நாள் உட்கார்ந்திருக்கும். அழித்தவை மறுசுழற்சித் தொட்டியில் இருக்கும்வரை ஒரு பைட்கூடத் திரும்பி வராது. இவற்றையெல்லாம் ‘ஸ்டோரேஜ்’ அமைப்புப் பக்கத்திலேயே பார்க்கலாம். வின்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ போன்ற இலவச நிரல்கள் வட்டை வண்ணக் கட்டங்களாக விரித்துக் காட்டும்; எந்தக் கட்டம் பெரிதோ அதிலிருந்து தொடங்கலாம்.

அளவீடே ஏமாற்றும் இடங்களும் உண்டு. ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ கோப்புறையிலுள்ள பல கோப்புகள் விண்டோசின் மற்ற கோப்புறைகளிலும் வேறு பெயரில் நிற்பவை, வட்டில் இருப்பதென்னவோ ஒரே பிரதி. எக்ஸ்புளோரர் அதை இருமுறை எண்ணுவதால் பூதாகாரமாகத் தெரியும். அதைக் கையால் அழித்தால் கணினியே கிளம்பாமல் போகலாம். ஒன்டிரைவில் மேகக் குறி போட்ட படம் 3 எம்பி என்று சொல்லும், ஆனால் இந்த வட்டில் அது இல்லை. லினக்சில் கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ கட்டளையும் வட்டு நிரம்பிய அளவைச் சொல்லும் ‘டிஎஃப்’ கட்டளையும் வேறு வேறு கணக்குச் சொன்னால், அழித்த கோப்பு ஒன்றை ஏதோ நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடம் மிச்சமானால் மட்டும் போதாது, வட்டும் பிழைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பெருங்குடி, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த ஹார்ட் டிஸ்கில் மின்சாரம் பாய்ச்சக்கூடாது. உலர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பதும் ஆபத்து. காற்றுத் துளை வழியே புகுந்த சேறு தகட்டைக் கீறிவிடும். இந்த ஊரில் படங்களின் இரண்டாவது பிரதி மேல்மாடியிலோ வேறு ஊரில் உறவினர் வீட்டிலோ இருக்க வேண்டும். அந்தப் பிரதி முழுமையா என்று சரிபார்க்கக் கோப்புகளின் எண்ணிக்கையையும் ‘சைஸ்’ வரியிலுள்ள பைட் எண்ணையும் ஒப்பிட்டால் போதும். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ இரு வட்டிலும் வேறுபட்டால் கவலையில்லை, பைட் எண் வேறுபட்டால் மூலத்தை அழிக்காமல் மறுபடி நகலெடுக்க வேண்டும்.