கருங்காலி போயிற்று, பெயர் நின்றது

பிளைவுட் கடையில் 'வினீர்' கேட்டால், மெல்லிசாகச் சீவிய தேக்கையோ ரோஸ்வுட்டையோ எடுத்துப் போடுவார்கள். சொல் நமக்கு ஆங்கிலம் தந்தது. ஆங்கிலத்துக்கு ஜெர்மன் மொழியின் 'ஃபுர்னீர்'. அதற்கும் மூலம் 'வழங்கு' எனப் பொருள்படும் பிரெஞ்சு வினை 'ஃபூர்னிர்'. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர் தம் சொல்லை ஊர்சுற்ற அனுப்பிவிட்டு, தாங்கள் 'பிளகாழ்' என்கிறார்கள்.

இந்தத் தகடுகளை ஓவியமாக்கும் கலை மார்க்கெட்ரி. பிரெஞ்சில் 'மார்க்' என்றால் குறி; 'மார்க்தே' என்றால் புள்ளி புள்ளியாகப் பலநிறம் காட்டுதல். கண்ணில் பட்டதை வைத்து இட்ட பெயர். இத்தாலியரோ கை செய்ததை வைத்து 'இன்தார்சியா' என்றார்கள். அதன் வேர் 'பதித்தல்' எனப் பொருள்படும் அரபுச் சொல் 'தர்ஸீ'. அதன் பழைய முறையும் கனத்த பலகையில் குழி தோண்டி வேறு மரத்தைப் பதிப்பதுதான். 1470களில் உர்பினோ அரண்மனைப் படிப்பறைச் சுவரில் பாதி திறந்த அலமாரி, புத்தகம், இசைக்கருவி என எல்லாவற்றையும் மரத்துண்டுகளாலேயே காட்டினார்கள். அக்கால இத்தாலியக் கைவினைஞர்கள் பச்சை நிறத்துக்கு, பூஞ்சை பிடித்துப் பச்சையேறிய மரத்தையே தேடி எடுத்ததும் உண்டு.

மார்க்கெட்ரியில் குழி கிடையாது. நிறத்துக்கொரு தகடாக அடுக்கி, இழைபோன்ற வாளால் ஒரே அறுப்பாக அறுப்பார்கள். ஒன்றின் பூ இன்னொன்றின் துளையில் உட்காரும். இலையின் ஓரம் நிழலடிக்க வேண்டுமா, துண்டைச் சுடுமணலில் செருகிக் கருக்குவார்கள். பிறகு முழுப் படத்தையும் வச்சிரத்தால் அடிப்பலகையில் ஒட்டுவார்கள்.

பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் தச்சர் ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732) இதையே ஆமையோட்டிலும் பித்தளையிலும் செய்தார். ஓர் அறுப்பில் இரண்டு படம்: ஓட்டில் பித்தளைப் பூ, பித்தளையில் ஓட்டுப் பூ.

அவரைப் போன்றவர்களுக்கு 'எபெனிஸ்த்' என்று பெயர். கருங்காலிக்குரிய எகிப்தியச் சொல் கிரேக்கம், லத்தீன் வழியே பிரெஞ்சில் 'எபேன்' ஆனது. 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கருங்காலித் தகடு போர்த்திய அலமாரிக்கு மவுசு. அதைச் செய்தவர் எபெனிஸ்த். மோகம் தணிந்து வேறு மரங்கள் வந்தபின்னும் பெயர் மாறவில்லை. நம் ஊரில் கருங்காலி துரோகிக்கு வசவு. அங்கே அது கைவினைஞனுக்குப் பட்டம்.

ஆங்கிலத்தில் 'வினீர்' வெளிப்பூச்சுப் பாசாங்கையும் குறிக்கும். பூலின் அலமாரிகளைப் பார்த்தவருக்கு இது அநியாயமாகவே படும். அவர் பெயரில் 1886-ல் தொடங்கிய பாரிஸ் கைவினைப் பள்ளி மார்க்கெட்ரியை இன்றும் கற்பிக்கிறது.