பழி, சான்று, பெயர்: சயாம் – பர்மா ரயில் பாதையும் போர்க்குற்ற விசாரணையின் மொழியும்

0. முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப்பின் தலைமறைவான நாஜிகளைத் தேடிப் பழிதீர்க்கும் கதைகள் ஐரோப்பிய மொழிகளில் ஒரு தனி வகையாக வளர்ந்துள்ளன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது ஃபிரெடரிக் ஃபோர்சித் 1972இல் வெளியிட்ட 'ஒடெஸ்ஸா ஃபைல்' என்னும் ஆங்கில நாவல். ரிகா நகரில் யூதர்கள் அடைத்துவைக்கப்பட்ட பகுதிக்குத் தலைவனாக இருந்த எட்வர்ட் ரோஷ்மன் என்னும் உண்மை மனிதனை இளஞ்செய்தியாளன் ஒருவன் தேடிச்செல்வதே அதன் கதை. உயிர்தப்பிய முதியவர் ஒருவர் விட்டுச்சென்ற நாட்குறிப்பே அத்தேடலைத் தொடங்கிவைக்கிறது.

அதே போரில் மலாயாத் தமிழர் பல்லாயிரவர் சயாம் – பர்மா ரயில் பாதையில் மாண்டனர். எனினும், குற்றவாளியைத் தேடிச்செல்லும் கதைவகை இந்நிகழ்ச்சியைச் சுற்றித் தமிழில் வேரூன்றவில்லை. அதற்கான காரணத்தைச் சொல், ஆவணம், மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பழி என்னும் சொல்

தமிழில் 'பழி' என்பது குற்றத்தையும், அதனால் வரும் நிந்தையையும், அதற்குச் செய்யும் எதிர்ச்செயலையும் குறிக்கும். பழி சுமத்தலாம், ஏற்கலாம், வாங்கலாம், தீர்க்கலாம். இவ்வினைகளை ஒருசேர நோக்கினால், பழி என்பது ஒருவர்மேல் ஏறி, தீரும்வரை நிற்கும் கடனைப் போலக் கருதப்படுவது புலனாகும். 'பழிகிடத்தல்' என்னும் வழக்கோ, தீங்கு செய்தவரின் வாயிலிலேயே தன் உடலைக் கிடத்தி முறைகோருவதைச் சுட்டும்.

'பழிவாங்குதல்' தனிப்பகையின் சாயலை மிகுதியாகத் தாங்குகிறது. 'பழிதீர்த்தல்' நிலுவையை முடிக்கும் பொருளைத் தருகிறது. நாஜி வேட்டைக் கதைகளை மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். ஃபோர்சித்தின் நாவலில் பொது நீதிக்கான தேடலாகத் தோன்றுவது, இறுதியில் தந்தையைக் கொன்றவன்மீது மகன் கொண்ட பகையாகவும் வெளிப்படுகிறது. முழுவதற்கும் ஒரே தமிழ்ச்சொல்லை ஆண்டால் இத்திருப்பம் மழுங்கிவிடும்.

எந்தச் சொல்லை ஆண்டாலும், பழிதீர்க்க இருவர் அறியப்பட வேண்டும். ஒருவர் மாண்டவர், மற்றவர் மாளச்செய்தவர். சயாம் பாதையில் முதலாமவரின் பெயரே மறைந்துபோயிற்று.

2. பாதையும் பதிவும்

தாய்லாந்தின் பான்போங் முதல் பர்மாவின் தான்பியுசயாத் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடைய இப்பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தனர். இதில் ஈடுபடுத்தப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகை இதனினும் பன்மடங்கு.

டோக்கியோவில் கூடிய பன்னாட்டுப் போர்க்குற்ற நீதிமன்றம் 1948இல் வழங்கிய தீர்ப்பு, பர்மியர், ஜாவானியர், சீனர் முதலியோருடன் தமிழரையும் பெயர்சுட்டிக் குறிப்பிடுகிறது. ஏறத்தாழ 1,50,000 தொழிலாளர்கள் வேலைசெய்தனர் என்றும், அவர்களுள் 60,000 பேரேனும் இறந்தனர் என்றும் அது கணக்கிடுகிறது. பின்வந்த ஆய்வாளர் பலர் இத்தொகைகளை மேலும் உயர்த்திக் கூறுகின்றனர். கணக்குகள் இவ்வாறு வேறுபடுவதே பதிவின்மைக்குச் சான்று எனலாம்.

போர்க்கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். அவர்கள் இறந்தோர் பட்டியலை மறைவாக எழுதிக் காத்தனர். புதைத்த இடங்களைக் குறித்துவைத்தனர். தோட்டத் தொழிலாளர்க்கு அத்தகைய அமைப்பு இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது இறந்தோர் பெருங்குழிகளில் இடப்பட்டனர்.

ஜப்பானியர் இவர்களை 'ரோமுஷா' என்றனர். ஆங்கிலப் பதிவுகள் 'கூலி' என்றன. ஆங்கிலச் சொல்லின் பிறப்புக் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் தமிழில் 'கூலி' என்பது உழைப்புக்குரிய ஊதியம். ஆளைக் குறிக்கக் 'கூலியாள்' என்றல் மரபு. ஆங்கிலப் பதிவில் ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராய் நின்றது. ஆளின் சொந்தப்பெயர் எழுதப்படவில்லை.

3. மன்றமும் மொழிபெயர்ப்பாளரும்

1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் மட்டும் 131 போர்க்குற்ற வழக்குகளைப் பிரித்தானிய இராணுவ நீதிமன்றங்கள் விசாரித்தன. இவ்வழக்குகளில் மொழிபெயர்ப்பாளர் மன்றத்துக்கு உதவியவராக மட்டும் இல்லை; குற்றவாளிக் கூண்டிலும் நின்றார். 'இரட்டைப் பத்து' எனப்படும் வழக்கில் 1946 ஏப்ரலில் மரண தண்டனை பெற்ற எண்மருள் ஒருவர் மொழிபெயர்ப்பாளர்.

இதற்கு மொழியியல் நோக்கில் ஒரு விளக்கம் உண்டு. விசாரணை அறையில் கைதிக்கு விளங்கிய சொற்கள் மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து வந்தவையே. கட்டளையிட்டவர் பிறரெனினும், நினைவில் தங்கிய குரல் அவருடையது.

பிரித்தானியப் படையினரான எரிக் லோமாக்ஸின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1943இல் காஞ்சனபுரியில் சித்திரவதைக்குள்ளான அவர், விசாரணையில் மொழிபெயர்த்த நகாசே தகாஷியின்மீது பல்லாண்டுகள் பகை கொண்டிருந்தார். நகாசேயோ போர் முடிந்த உடனேயே, நேசநாட்டினரின் கல்லறைகளைத் தேடிய குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர். 1993இல் இருவரும் காஞ்சனபுரியில் சந்தித்தனர். வேட்டையாக முடிந்திருக்கக்கூடிய கதை நட்பாக முடிந்தது. லோமாக்ஸ் இதனை 1995இல் நூலாக்கினார்.

லோமாக்ஸ் பகை கொள்ளவும் பின்னர் மன்னிக்கவும் முடிந்ததற்குக் காரணம், எதிரி அவர் மொழியைப் பேசினார் என்பதும், அவரை அடையாளம் காட்டும் எழுத்துச்சான்று கிடைத்தது என்பதுமாகும். தமிழ்த் தொழிலாளிக்கும் ஜப்பானியப் பொறியாளருக்கும் இடையே இத்தகைய பொதுமொழி இல்லை. பிரம்பைப் பிடித்தவனின் முகம் நினைவிருக்கலாம். பெயர் தெரிவதற்கு வழியில்லை.

4. முடிவுரை

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' (2005) ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் வேட்டைக் கதைகள் அல்ல. தொழிலாளர் பட்ட துயரத்தைப் பதிவுசெய்பவை. இதனைத் தமிழரின் மறதி என்றோ பொறுமை என்றோ கொள்ளுதல் பொருந்தாது. பழிதீர்ப்பதற்கு முன்னே செய்ய வேண்டிய பணி, மாண்டவர் இன்னார் எனச் சொல்லுதல். அப்பணியையே இந்நாவல்கள் மேற்கொண்டன.

2024இல் காஞ்சனபுரியில் இத்தொழிலாளர்க்கு ஒரு நடுகல் நிறுவப்பட்டது. பண்டைய நடுகல் ஒரு வீரனின் பெயரையும் சிறப்பையும் தாங்கி நிற்பது. இது பல்லாயிரவர்க்குப் பொதுவானது. பிழைத்து வந்தோரும் அவர்தம் மக்களும் கூறிய வாய்மொழிச் செய்திகளைத் தமிழில் எழுத்துப்பெயர்த்து, பிறமொழி ஆவணங்களோடு ஒப்பிட்டால் இன்னும் சில பெயர்களையேனும் மீட்கலாம். மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் கூடிச் செய்யத்தக்க பணி இது.