எழுத்து ஒரு நாடு, பிறப்பு வேறு நாடு

பழைய ஆயுதமொன்றின் பூர்வீகத்தை அறிய விரும்புவோர் முதலில் தேடுவது அதில் பொறிக்கப்பட்டுள்ள எழுத்தையே. எழுத்து எந்த நாட்டினதோ, ஆயுதமும் அந்த நாட்டினதே என்று எண்ணிவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மார்ட்டினித் துப்பாக்கி இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது.

ஒரு தடவைக்கு ஒரு ரவையை மட்டுமே இடக்கூடிய துப்பாக்கி இது. விசைக்குப் பின்னாலுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழாயின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புக்கட்டை தாழ்ந்து வெற்றுக்கோது வெளியே வரும். இந்த ஏற்பாட்டின் மூல வடிவத்துக்கு 1862இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி பீபொடி என்ற அமெரிக்கர். வெளியே நின்ற சுத்தியலை நீக்கி, உள்ளேயே இயங்கும் ஊசியை அமைத்தவர் சுவிற்சர்லாந்தில் தொழில் நடத்திய பிரெடரிக் வொன் மார்ட்டினி. ஸ்கொட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் ஹென்றியின் குழாயைப் பொருத்தி, 1871இல் பிரித்தானிய இராணுவம் இதனை மார்ட்டினி-ஹென்றி என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது.

உஸ்மானியப் பேரரசும் இதே பொறியை விரும்பிற்று. 1870களில் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலிருந்த புரொவிடன்ஸ் டூல் கம்பனியோடு 6 இலட்சம் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றிலே சுல்தானின் துக்ராவும் அரபு இலக்கங்களில் தொடரெண்ணும் பொறிக்கப்பட்டன. குர்ஆன் வசன எண்களைப் பார்த்துப் பழகிய நம்மவர் எவரும் அந்தத் தொடரெண்ணைத் தடங்கலின்றி வாசிப்பார். துருக்கியில் செய்யப்பட்டது என்று சொல்லவும் துணிவார். ஆனால் அந்த இலக்கங்கள் பதிந்தது அமெரிக்கத் தொழிற்சாலையிலேதான்.

1877 ஜூலை முதல் டிசம்பர் வரை பிளெவ்னா முற்றுகையில் உஸ்மான் பாஷாவின் வீரர்கள் ருஷ்யப் படைக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது இத்துப்பாக்கிகளைக் கொண்டுதான். ஈற்றில் பிளெவ்னா வீழ்ந்தது. போரினால் கருவூலமும் வறண்டது. பணம் ஒழுங்காக வந்துசேராமையால் அந்த அமெரிக்கக் கம்பனியும் நொடித்துப்போயிற்று.

இதற்கு நேர்மாறான கதை பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடைப்பட்ட தர்ரா ஆதம் கேலில் நடந்தது. அங்குள்ள அப்ரிதிக் கொல்லர்கள் அரமும் கைத்துரப்பணமும் கொண்டு மார்ட்டினி-ஹென்றியைப் பிரதிசெய்தனர். பிரித்தானிய முடி, 'வீ.ஆர்.' என்ற மகாராணியின் முதலெழுத்துகள், என்பீல்ட் என்ற ஊர்ப்பெயர் ஆகியவற்றையும் பார்த்தபடியே பொறித்தனர். அறியாத மொழியாதலால் சிலவற்றில் எழுத்துகள் மாறிக் கிடக்கும். ஆங்கில 'என்' எழுத்து இடம்வலமாகப் புரண்டு நிற்கும். விக்டோரியா மகாராணி 1901 ஜனவரியில் காலமானார். அதற்குப் பிந்திய ஆண்டோடு 'வீ.ஆர்.' இருப்பின் ஐயமே வேண்டாம், அது பிரதிதான்.

ஆகவே எழுத்தை மாத்திரம் சாட்சியாகக் கொள்ளலாகாது. ஆண்டு பொருந்துகிறதா, எழுத்து நேராக உள்ளதா, பரிசோதனை முத்திரைகள் உரிய இடத்தில் உள்ளனவா, திருகாணிகள் ஒரேயளவினவா என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

துக்ராவுக்கு அடியில் ஒரு பேரரசு பிறர் தொழிற்சாலையை நம்பிநின்ற வரலாறு மறைந்திருக்கிறது. முடிச்சின்னத்துக்கு அடியில், தன் பெயரைப் பொறித்தால் விலைபோகாதென்று அந்நியன் பெயரைப் பொறித்த கொல்லனின் கைத்திறன் மறைந்திருக்கிறது. முன்னதை நம் பெருமையென்று கொண்டாடி, பின்னதைப் போலியென்று ஒதுக்கிவிடுவது எளிது. சரித்திரம் படிப்பவர் இரண்டையும் நிதானித்தே வாசிக்க வேண்டும்.