முக்கோலும் சிகையும்
த்ரிதண்டி யதிகளின் குடுமி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எம்பெருமானாரின் திருமேனியை வர்ணித்து நம்மவர் நித்யம் அநுஸந்திக்கும் த்யான ச்லோகம் ஒன்றில் காஷாயம், அழகிய சிகை, முக்கோல் விளங்கும் திருக்கை, தூய யஜ்ஞோபவீதம், ஊர்த்வபுண்ட்ரம் ஆகிய ஐந்தும் ஒருங்கே பேசப்படுகின்றன. ஸ்வாமி தேசிகன் அருளிய யதிராஜஸப்ததியிலும் உபவீதமும் ஊர்த்வபுண்ட்ரமும் த்ரிதண்டமும் உடையவராகவே உடையவர் காட்சி தருகிறார். இவை வெறும் அழகுரைகள் அல்ல. ஸந்ந்யாஸியின் தலையில் சிகை இருக்கலாமா, மார்பில் பூணூல் இருக்கலாமா என்னும் கேள்வி பல நூற்றாண்டுகள் வேதாந்திகளிடையே கடும் வாதத்துக்குரியதாய் இருந்தது. அவ்வாதத்தில் நம் பூர்வர்கள் கொண்ட நிலையே அந்த ச்லோகங்களில் உருவம் பெற்று நிற்கிறது.

இன்றும் ஜீயர் ஸ்வாமிகளை முதன்முறை ஸேவிக்கும் பிற மதத்தவர் சிலர், "துறவிக்குக் குடுமி ஏன்?" என்று வினவுவதுண்டு. முழுத்தலையும் மழித்த ஏகதண்டி ஸந்ந்யாஸிகளையே கண்டு பழகியவர்க்கு இவ்வையம் இயல்பே. இதற்கு "அது எங்கள் வழக்கம்" என்று சொல்லி அமைவது போதாது. ஒரு பிடி மயிரைப் பற்றியதாகத் தோன்றும் இந்த வழக்கில், ப்ரஹ்மஜ்ஞானம் பிறந்தவனுக்குக் கர்மம் உண்டா இல்லையா என்னும் வேதாந்தத்தின் தலையாய கேள்வி அடங்கியிருக்கிறது.

சிகையின் தொன்மை

சிகை வைக்கும் வழக்கு வேதகாலத்தது. ருக்வேதம் ஏழாம் மண்டலத்தில் வஸிஷ்ட குலத்தார் தலையின் வலப்புறத்தில் முடிச்சு உடையவர்களாகக் கூறப்படுகின்றனர். நிபந்தனகாரர்கள் எடுத்தாளும் ஸ்ம்ருதி வசனம் ஒன்று குலந்தோறும் வேறுபாட்டை வகுக்கிறது: வஸிஷ்டர்க்கு வலப்புறம், அத்ரி காச்யபர்க்கு இருபுறமும், ஆங்கிரஸர்க்கு ஐந்து குடுமி, ப்ருகு குலத்தார்க்கு முண்டனம். குழந்தைக்கு மூன்றாம் ஆண்டில் சௌளம் செய்யும்போது ருஷிகளின் எண்ணுக்கேற்பவோ குலாசாரத்துக்கேற்பவோ சிகைகளை அமைக்குமாறு க்ருஹ்யஸூத்ரங்கள் விதித்தன. காலப்போக்கில் இவ்வேறுபாடுகள் குன்றி ஒற்றைச் சிகையே பெருவழக்காயிற்று. எனினும் சோழியரிடமும் கேரளத்து நம்பூதிரிகளிடமும் தில்லை தீக்ஷிதர்களிடமும் முன்குடுமி நிலைத்தது. ஏனையோர் பின்குடுமியர் ஆயினர்.

சிகையின் பராமரிப்பும் சாஸ்த்ரத்துக்கு உட்பட்டதே. பசுவின் குளம்பளவு இருத்தல் வேண்டும் என்பது வழக்கிலுள்ள ப்ரமாணம். சுற்றியுள்ள மயிரை உரிய காலத்தில் மழித்துச் சிகையை மட்டும் வளரவிட வேண்டும். ஆசமனம், ஸந்த்யை, ஜபம், ஹோமம், பகவதாராதனம் ஆகியவற்றில் அது முடியப்பட்டிருத்தல் அவச்யம். எப்போதும் உபவீதியாகவும் சிகை முடிந்தவனாகவும் இருக்கவேண்டும், இவ்விரண்டும் இன்றிச் செய்தது செய்யாததற்கு ஒப்பாகும் என்பது காத்யாயனரின் துணிபு. வழுக்கை விழுந்து சிகைக்கே இடமில்லாது போனவனையும் சாஸ்த்ரம் கைவிடவில்லை. அவன் குசத்தால் சிகை செய்து ப்ரஹ்மக்ரந்தியிட்டு வலச்செவியில் தரித்துக் கர்மங்களைச் செய்யலாம். மயிர் உதிர்ந்தால் கடமையும் உதிர்ந்துவிடும் என்று ஸ்ம்ருதிகாரர்கள் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆபஸ்தம்ப தர்மஸூத்ரத்தில் இதற்கொரு நயமான காரணமும் காணப்படுகிறது. முற்றும் மழித்த தலையன் மூடியில்லாத வெறும் பாத்திரம் போன்றவன். சிகையே அவனுக்கு மூடி என்று ஒரு ப்ராஹ்மண வாக்கியத்தை அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. உடனே, ஸத்ரம் என்னும் நீண்ட வேள்விகளில் மட்டும் வசனபலத்தால் சிகையும் மழிக்கப்படும் என்று விலக்குக் கூறுகிறது. விசேஷ வசனம் இருந்தாலன்றிச் சிகையை நீக்கலாகாது என்பதே இதன் தாத்பர்யம். பின்னாளில் எழுந்த வாதம் முழுவதும், ஸந்ந்யாஸிக்கு அத்தகைய விசேஷ வசனம் உண்டா என்பதையே சுற்றி வருகிறது.

இரு திறத்து வசனங்கள்

யதிதர்மம் கூறும் பழைய நூல்கள் இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. கௌதம தர்மஸூத்ரம், பிக்ஷு முண்டனாகவோ சிகையுடையவனாகவோ இருக்கலாம் என்று இரண்டையும் கூறிவிடுகிறது. ஜாபாலோபநிஷத்து பரமஹம்ஸர்களைப் பேசுமிடத்தில் த்ரிதண்டம், கமண்டலு, சிகை, யஜ்ஞோபவீதம் ஆகியவற்றை நீரில் விட்டுவிடுதலைச் சொல்கிறது. குடீசகர், பஹூதகர், ஹம்ஸர், பரமஹம்ஸர் என்னும் நால்வகைப் பாகுபாட்டில் முன்னிரு வகையினர்க்குச் சிகையும் பூணூலும் முக்கோலும் உண்டு, பரமஹம்ஸனுக்கு இல்லை என்பது அத்வைதிகளின் நிர்வாஹம். ஆத்மஜ்ஞானம் பெற்றவனுக்குக் கர்மாதிகாரமே இல்லை; கர்மத்துக்கு அங்கமான சிகையும் ஸூத்ரமும் அவனுக்கு எதற்கு என்பது அவர்கள் யுக்தி.

இந்த யுக்தி தன்னளவில் ஒழுங்கானதே. அவர்கள் சிகையை நீக்கியது அலட்சியத்தால் அன்று, சித்தாந்தத்தால். எனவே விடையும் சித்தாந்தத்தளவிலேயே கூறப்படவேண்டியதாயிற்று.

பாஷ்யகாரர் திருவுள்ளம் இங்குத் தெளிவானது. மோக்ஷோபாயமான வித்யை வெறும் வாக்யார்த்த ஜ்ஞானம் அன்று; நாள்தோறும் பழகி வளரும் உபாஸனம். அதற்கு ஆச்ரமகர்மங்கள் அங்கமாக வேண்டும். மூன்றாம் அத்யாயம் நான்காம் பாதத்தில் குதிரையை த்ருஷ்டாந்தமாகக் காட்டும் ஸூத்ரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் அருளும் பொருள் இங்கு நினைக்கத்தக்கது. பயணத்துக்குக் குதிரையே ஸாதனம். ஆயினும் அது சேணம் முதலிய பரிகரங்களையும் உடம்பைத் தேய்த்துப் பேணும் பரிகர்மத்தையும் வேண்டி நிற்கிறது. அவ்வாறே வித்யையும் நித்ய நைமித்திக கர்மங்களை வேண்டி நிற்கிறது. உயிருள்ளளவும் கர்மம் உண்டென்றால், சிகையின்றிச் செய்தது செய்யாததே என்னும் வசனம் யதியையும் தொடரும். ஆக, யதியின் சிகை அவன் கர்மத்தை விட்டுவிடவில்லை என்பதற்குச் சான்று. அவன் விட்டது பலத்தையும், கர்த்ருத்வ அபிமானத்தையும், மமதையையுமே.

இக்கொள்கை எம்பெருமானார் காலத்தில் புதிதாகத் தோன்றியதும் அன்று. அவருக்கு முந்திய பாஸ்கரர் தம் ப்ரஹ்மஸூத்ர பாஷ்யத்தில் த்ரிதண்டத்தை ஆதரித்தே வாதிட்டார். தமிழ்நாட்டிலோ சான்றுகள் இன்னும் பழையவை. தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்குரியவற்றை எண்ணும்போது நூலையும் முக்கோலையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பாசறையில் ஊன்றிய விற்களுக்கு, காவியுடுத்த அந்தணன் தன் உடை மாட்டிவைத்த முக்கோலை முல்லைப்பாட்டு உவமையாக்குகிறது. கலித்தொகையின் பாலைக்கலியில், மகளைத் தேடிச் செல்லும் செவிலி வழியில் கண்டு வினவுவது முக்கோல் ஏந்திய அந்தணரையே. இவ்விடங்களில் சிகை பேசப்படவில்லை என்பது உண்மை. எனினும் த்ரிதண்டம் தமிழகத்துக்கு எத்துணைப் பழகிய காட்சி என்பதற்கு இவை போதும்.

யாதவப்ரகாசர்

இவ்வரலாற்றில் யாதவப்ரகாசரின் இடம் தனித்தது. திருப்புட்குழியில் இளையாழ்வாருக்கு வேதாந்தம் கற்பித்து, பின்பு மாறுபட்டு, முடிவில் சிஷ்யரையே ஆசார்யராகப் பற்றியவர் அவர். குருபரம்பரை கூறும் செய்தி இது: தாயாரின் அறிவுரையால் மனம் திரும்பிய அவருக்கு ஒரு தடை இருந்தது. சிகையையும் யஜ்ஞோபவீதத்தையும் விட்ட குற்றம் தீர பூப்ரதக்ஷிணம் செய்யவேண்டும். முதுமையால் அது இயலாது. எம்பெருமானாரை வலம் வருதலே பூமியை வலம் வருதலாகும் என்று பேரருளாளன் ஸாதித்தருள, அவ்வாறே செய்து, சிகாயஜ்ஞோபவீதங்களையும் முக்கோலையும் ஏற்று கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் பெற்றார். பின்பு ஆசார்யர் நியமனப்படி யதிதர்மஸமுச்சயம் என்னும் நூலை இயற்றினார்.

பூணூலை இழந்தவன் மீண்டும் தரிக்கச் சில நிமிடங்கள் போதும். சிகையோ ஒரே நாளில் வளர்வதன்று. இழந்ததை மீட்பதன் அருமையை இக்கதை இவ்வாறும் உணர்த்துகிறது.

யதியின் வபனம்

சிகை வைத்த யதி தலைமயிரை வளர்ப்பவன் அல்லன் என்பதையும் இங்குக் குறித்தல் தகும். க்ருஹஸ்தனைப்போல் நாளும் வாரமும் பார்த்து அவன் க்ஷௌரம் செய்துகொள்வதில்லை. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, ருதுக்கள் சந்திக்கும் பௌர்ணமியில் அவனுக்கு வபனம். சாதுர்மாஸ்ய காலத்தில் இடையில் வபனம் இல்லை, ஸங்கல்பம் முடிந்தபின்னரே. சிகை தவிர்த்த ஏனைய மயிரும் மீசை தாடியும் அப்போது நீக்கப்படும். அழகுக்காக ஒப்பனை செய்தலும், துறவுக் கோலத்துக்காகச் சடை வளர்த்தலும் ஆகிய இரண்டும் இவ்விதியால் விலக்கப்பட்டன. மயிர் வளர்வதும் குறைவதும் அவன் விருப்பத்தில் இல்லை. காலத்தின் வசத்திலும் சாஸ்த்ரத்தின் வசத்திலும் உள்ளன. பாரதந்த்ர்யத்துக்கு இதைவிட எளிய பயிற்சி உண்டோ?

வெள்ளை சாத்திய வரலாறு

சிகையின் பயனைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நாம் யாவரும் அறிந்ததே. க்ருமிகண்ட சோழனின் ஆட்கள் தேடி வந்தபோது, கூரத்தாழ்வான் எம்பெருமானாரின் காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் ஏற்று அரசவைக்கு எழுந்தருளினார். எம்பெருமானாரோ ஆழ்வானின் வெள்ளாடையைச் சாத்திக்கொண்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். இதைப் பன்முறை கேட்டும், இம்மாற்றம் எப்படி இயன்றது என்று நாம் ஆராய்வதில்லை. முழுமுண்டனமும் உபவீதமில்லாத மார்பும் உடைய ஏகதண்டி ஒருவர் வெள்ளாடை உடுத்தாலும் க்ருஹஸ்தராகத் தோன்றமாட்டார். க்ருஹஸ்தர் ஒருவர் சிகையும் பூணூலுமாக ஒற்றைக்கோல் ஏந்தினாலும் அத்துறவியாகத் தோன்றமாட்டார். நம் ஸம்ப்ரதாயத்திலோ இருவர்க்கும் சிகையும் ஸூத்ரமும் பொது. ஆடையும் கோலும் மாறினவளவில் வேஷம் முழுமையுற்றது. இது அடியேனுடைய ஊகமேயாயினும் பொருந்தாதது என்று தோன்றவில்லை. ஆச்ரமம் வேறானாலும் அடையாளத்தின் அடிப்படை ஒன்றே என்னும் கொள்கை அன்று ஸம்ப்ரதாயத்தின் உயிரையே காத்தது.

சததூஷணியும் அதன் பின்னும்

பதிமூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் இவ்வாதம் உச்சம் பெற்றது. யதிலிங்க ஸமர்த்தனம் என்னும் நூல் இதற்கென்றே எழுந்தது. ஸ்வாமி தேசிகன் சததூஷணியின் அறுபத்துநான்காம் வாதத்தை யதிலிங்கபேத பங்கத்துக்கே ஒதுக்கினார். நிர்விசேஷ ப்ரஹ்மத்தை மறுக்கும் மாபெரும் நூலில் கோலுக்கும் குடுமிக்கும் ஒரு வாதம் இடம்பெற்றது, இதன் கனத்தை அவர் எவ்வளவு உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டும். கௌதமரின் விகல்ப வசனம் போன்றவற்றில் மீமாம்ஸா ந்யாயமும் துணை நிற்கிறது. விகல்பம் எட்டு தோஷங்களுக்கு இடமானது. வேறு கதி உள்ளவரை அதைக் கொள்ளலாகாது என்பது அந்த ந்யாயம்.

சிகையைத் துறத்தல் அத்வைதத்துக்கே உரியது என்று கொள்வதும் பிழை. த்வைத ஸம்ப்ரதாயத்து யதிகள் வைஷ்ணவர்களாயினும் ஏகதண்டிகள், சிகை தரியாதவர்கள். வங்கத்து கௌடீய ஸம்ப்ரதாயத்திலோ 1918ஆம் ஆண்டில் பக்திஸித்தாந்த ஸரஸ்வதி த்ரிதண்ட ஸந்ந்யாஸத்தை ஏற்று அவ்வழியைப் பரப்பினார். நம்முள் வடகலையார், தென்கலையார் எத்தனையோ விஷயங்களில் வேறுபட்டாலும், அஹோபில மடம் முதல் வானமாமலை மடம் வரை ஜீயர்கள் அனைவரும் முக்கோலும் சிகையும் உடையவர்களே. ஸ்வாமி தேசிகன் க்ருஹஸ்தராகவே எழுந்தருளியிருந்து யதிகளின் சிகைக்காக வாதிட்டார். மணவாளமாமுனிகள் அதைத் தரித்து வாழ்ந்து காட்டினார்.

முடிவாக ஒன்று. பூர்வர்கள் காலத்தில் எழுந்த கேள்வி, யதி சிகையை விடலாமா என்பது. க்ருஹஸ்தன் விடலாமா என்று எவரும் கேட்கவில்லை. அதற்கு இடமே இருக்கவில்லை. ஆங்கிலக் கல்வியும் உத்யோகமும் வந்தபின் கிராப்பு வந்தது. ஓரிரு தலைமுறைகளில் பெரும்பாலான க்ருஹஸ்தர்களின் சிகை மறைந்தது. அதற்கு எந்த ச்ருதியும் காட்டப்படவில்லை. எந்த வாதக்ரந்தமும் எழவில்லை. அத்வைதிகள் சிகையை விட்டதற்குச் சித்தாந்தம் சொன்னார்கள். நாம் விட்டதற்கு நாவிதர் கடையின் நாற்காலியைத் தவிர என்ன சொல்லப்போகிறோம்? இதை எழுதும் அடியேனும் விலக்கல்லன். பிழைப்புக்காகச் சிகையை இழந்தவர்களைப் பழிப்பது இக்கட்டுரையின் கருத்துமன்று. க்ருஹஸ்தர்க்கும் யதிக்கும் பொதுவாயிருந்த அடையாளத்தை இன்று பெரும்பாலும் யதியே நமக்காகவும் சேர்த்துத் தரித்து நிற்கிறார். ஜீயர் திருவடிகளில் தண்டன் ஸமர்ப்பித்து எழுகையில் அந்தச் சிகை கண்ணில் பட்டால், அதன் பின்னுள்ள நூற்றாண்டுகளையும் நாம் கைநழுவவிட்டதையும் ஒரு கணம் நினைத்தல் தகும்.