மடாலய ஏடுகளும் மன்னரின் புகழும்: ஜான் மன்னர் வரலாற்றில் இலத்தீன் வரலாற்றேடுகளின் சான்று மதிப்பு

முன்னுரை

இங்கிலாந்தின் இடைக்கால வரலாற்றை ஆராய்வோர் முதன்மையாக நாடும் சான்றுகளுள் இலத்தீன் மொழியில் அமைந்த வரலாற்றேடுகள் சிறப்பிடம் பெறுகின்றன. நிகழ்ச்சிகளை ஆண்டு முறையில் தொகுத்துரைக்கும் இவ்வேடுகளுள் பெரும்பாலானவை கிறித்துவ மடாலயங்களில் துறவிகளால் எழுதப்பட்டவை. இவற்றை ஒதுக்கிவிட்டால் அக்கால வரலாற்றின் பெரும்பகுதி ஆட்சியாளர்களின் பெயர்ப் பட்டியலாகச் சுருங்கிவிடும். ஆயினும் ஏட்டில் இடம்பெற்றுள்ளது என்பதனாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடுவதில்லை. 1199 முதல் 1216 வரை ஆட்சிபுரிந்த ஜான் மன்னரைப் பற்றிய சில பதிவுகளைக் கொண்டு, இவ்வேடுகளை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

செயிண்ட் ஆல்பன்ஸ் மடாலயம்

இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது செயிண்ட் ஆல்பன்ஸ் மடாலயம். அரசர்களும் ஆயர்களும் தூதர்களும் அங்குத் தங்கிச் சென்றனர். ஆகவே, நாட்டு நடப்புகள் அம்மடத்தை எளிதில் வந்தடைந்தன. இம்மடத்தைச் சேர்ந்த ரோஜர் வெண்டோவர் ஜான் மன்னரின் மறைவுக்குப் பின்னரே தம் வரலாற்றேட்டை எழுதினார். அவர் 1236இல் மறைந்தார். 1217இல் துறவு பூண்ட மேத்யூ பாரிஸ் அவ்வேட்டைத் திருத்தியும் விரித்தும் 1259இல் தாம் மறையும் வரை தொடர்ந்து எழுதினார். அவர்தம் கையெழுத்துப் படிகள் கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

ஜான் மன்னரைக் கொடியவர், இறைப்பற்று அற்றவர் எனப் பிற்காலத்தார் அறிந்தது பெரிதும் இவ்விருவர் வாயிலாகவே. ஆனால், இவர்கள் நடுநிலையாளர் அல்லர். கேண்டர்பரிப் பேராயர் நியமனம் குறித்துப் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட்டுடன் மன்னர் முரண்பட்டதால் 1208 முதல் 1214 வரை இங்கிலாந்தில் வழிபாட்டுத் தடை நிலவியது. மன்னர் திருச்சபைச் சொத்துகளைக் கைப்பற்றினார். இழப்புக்குள்ளான நிறுவனத்தின் உள்ளிருந்தே இவ்வேடுகள் எழுந்தன என்பதை மறத்தலாகாது.

ஈய அங்கியும் இழந்த செல்வமும்

வெண்டோவர் 1209ஆம் ஆண்டுக்குரியதாக ஒரு செய்தியைக் கூறுகிறார். திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட மன்னருக்குப் பணிபுரிதல் தகாது என்றுரைத்த நார்விச் தலைமைத் திருத்தொண்டர் ஜெஃப்ரி என்பவரை மன்னர் சிறையிட்டு, ஈயத்தாலான அங்கியை அணிவித்துப் பட்டினியால் மாளச் செய்தார் என்பது அச்செய்தி. ஆனால், அக்காலத்தில் அப்பதவியை வகித்த ஜெஃப்ரி டி பர்க் 1225இல் ஈலி நகரின் ஆயரானார் என்பதைப் பிற ஆவணங்கள் தெரிவிக்கின்றன. அதே பெயருடைய வேறொருவர் சிறையில் மாண்டிருக்கலாம் எனக் கருதும் ஆய்வாளரும் உளர். அங்ஙனமாயின் நிகழ்ச்சியின் கரு உண்மையாகவும் ஆளும் பதவியும் பிழையாகவும் அமைந்தன எனலாம்.

1216 அக்டோபரில் வாஷ் எனும் கழிமுகப் பகுதியில் நேர்ந்த இழப்பும் இத்தகையதே. அக்காலத்தில் வாழ்ந்த காக்ஸ்ஹால் மடாதிபதி ரால்ஃப், மன்னரின் வழிபாட்டுப் பொருள்களும் திருப்பண்டங்களும் சில பொதிக்குதிரைகளும் அழிந்தன என அளவாகவே எழுதுகிறார். பின்னர் எழுதிய வெண்டோவரோ வண்டிகள், கருவூலம், அரும்பொருள்கள் அனைத்தையும் நீர்ச்சுழல் விழுங்கியதாக விவரிக்கிறார். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே காலம் நீளுந்தோறும் இழப்பும் பெருகிச் செல்வதை ஈண்டுக் காணலாம்.

மேத்யூ பாரிஸ் ஒருபடி மேலே சென்று, மன்னர் மொரோக்கோ ஆட்சியாளரிடம் தூதனுப்பித் தம் நாட்டையும் சமயப் பற்றையும் ஒப்படைக்க முன்வந்ததாக எழுதினார். ஆய்வாளர் பலர் இதனை ஏற்பதில்லை.

பெருஞ்சாசனத்தின் பாடம்

தனிமனிதர் புகழைக் கடந்து, சட்ட வரலாற்றையும் இவ்வேடுகள் பாதித்தன. 1215 ஜூன் மாதம் ரன்னிமீடில் மன்னர் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா எனும் பெருஞ்சாசனத்தின் பாடத்தைத் தருவதாகக் கூறிய வெண்டோவர், உண்மையில் மூன்றாம் ஹென்றி காலத்தில் மீண்டும் வெளியிடப்பட்ட சாசனங்களின் வாசகங்களையும் கலந்தே தந்தார். மேலும், 1217இல் தோன்றிய வனச் சாசனத்தை ஜான் மன்னரே வழங்கியதாகவும் பதிவு செய்தார். இப்பிழை ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைபெற்றது. 1759இல் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் மூல ஆவணங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து பதிப்பித்த பின்னரே குழப்பம் நீங்கலாயிற்று. உரிமைகளின் ஊற்றாகப் போற்றப்பட்ட ஓர் ஆவணத்தையே பிழைபட்ட பாடத்தில் பல தலைமுறையினர் பயின்றனர் என்பது எண்ணத்தக்கது.

அரசு ஆவணங்கள் காட்டும் மன்னர்

ஜான் மன்னரின் ஆட்சியில்தான் அரசுச் செயலகத்தினர் வெளிச்செல்லும் சாசனங்களையும் கடிதங்களையும் தோற்சுருள்களில் முறையாகப் படியெடுத்து வைக்கத் தொடங்கினர். இவையும் இலத்தீனில் அமைந்தவையே. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் டஃபஸ் ஹார்டி இவற்றைப் பதிப்பித்தபோது வேறொரு மன்னர் வெளிப்பட்டார்: ஓயாது ஊர்தோறும் பயணம் செய்து, வழக்குகளையும் கணக்குகளையும் நேரில் கவனித்த மன்னர். 1944இல் வி. எச். கால்பிரெய்த் ஆற்றிய உரையும் 1958இல் ரிச்சர்ட் வாகன் எழுதிய நூலும் செயிண்ட் ஆல்பன்ஸ் ஏடுகளின் நம்பகத்தன்மையை மறுமதிப்பீடு செய்தன.

எனினும், ஆவணச் சுருள்களே முழு உண்மையைத் தரும் எனக் கொள்வதும் பொருந்தாது. ஆணையை அவை காட்டும். அதன் உள்நோக்கத்தைக் காட்டா. மன்னரின் அண்ணன் மகனும் அரியணைப் போட்டியாளருமான ஆர்தர் 1202இல் சிறைப்பட்டுப் பின் மறைந்துபோனதற்கு அரசு ஆவணங்களில் தெளிவான விளக்கமில்லை. வேல்சு நாட்டு மார்கம் மடாலய ஏடே மன்னர் தம் கையால் அவரைக் கொன்றதாகக் கூறுகிறது. ஆர்தரைச் சிறைப்பிடித்த வில்லியம் டி பிரேயோசின் குடும்பத்திற்கு அம்மடத்துடன் தொடர்பிருந்தது. அக்குடும்பத்தின் வழியே இச்செய்தி அங்கு எட்டியிருக்கலாம். பின்னர் மன்னரின் பகைக்கு ஆளான அவருடைய மனைவியும் மகனும் 1210இல் சிறையில் பட்டினியால் மாண்டதைப் பல ஏடுகள் குறிப்பிடுகின்றன. ஆகவே, மன்னரின் கொடுமை முற்றிலும் துறவிகளின் கற்பனை அன்று. பார்ன்வெல் ஏடு எனப்படும் மற்றொரு பதிவு, அவரைப் பெருமன்னர் எனினும் பேறற்றவர் என மதிப்பிட்டு, குறை நிறை இரண்டையும் சுட்டுவது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ஓர் ஏட்டை முழுமையாக நம்புவதோ முழுமையாகத் தள்ளுவதோ ஆய்வு நெறியாகாது என்பது புலனாகும். ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே எடுத்து, அது எப்போது எழுதப்பட்டது, எவர்வழி வந்தது, எழுதிய நிறுவனத்தின் நலன் யாது, பிற சான்றுகள் அதனோடு ஒத்துச் செல்கின்றனவா என வினவுதல் வேண்டும். பொய்யெனத் தெளியப்பட்ட செய்தியும் பயனற்றதன்று. ஈய அங்கிக் கதை ஜெஃப்ரியின் முடிவை அறிய உதவாவிடினும், ஒரு மடத்தார் தம் மன்னரை எத்துணை அஞ்சினர், எத்துணை வெறுத்தனர் என்பதற்கு மறுக்கவொண்ணாச் சான்றாக நிற்கிறது. மாணவர்க்குச் சான்றுகளை அறிமுகப்படுத்தும் ஆசிரியர், ஏடு கூறும் செய்தியோடு அதனைக் கூறுவோர் யார் என்பதையும் சேர்த்தே கற்பித்தல் இன்றியமையாதது.