சுக்குக் காப்பியின் வயது

ஐப்பசி அடைமழையில் தொடங்கி மார்கழிப் பனி விலகும்வரை வீட்டுக்கு வீடு தும்மலும் மூக்கொழுகலும்தான். அப்போது அடுப்பில் ஏறும் மிளகுக் கஷாயத்தையும் சுக்குக் காப்பியையும் 'தொன்றுதொட்டு மாறாத பாட்டி வைத்தியம்' என்று போற்றுவது வழக்கமாகிவிட்டது. சரக்குகள் பழையவைதாம். ஆனால் நாம் இன்று குடிக்கும் வடிவமும் அதில் மிளகுக்குக் கிடைத்திருக்கும் தனி மரியாதையும் பிற்காலத்தவை. காலத்துக்கேற்ப மாறிக்கொண்டதால்தான் இந்தப் பானம் வீட்டில் தங்கியது என்பது என் வாதம்.

பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நீதிநூலுக்குத் திரிகடுகம் என்று பெயர். சுக்கு, மிளகு, திப்பிலி உடல்நோயைத் தீர்ப்பதுபோல, நல்லாதனார் பாட்டுக்கு மூன்றாகச் சொல்லும் கருத்துகள் மனநோயைத் தீர்க்கும் என்பது பெயர்க் காரணம். நூலுக்கே பெயராகும் அளவுக்கு அம்மூன்றும் அன்றே மருந்தாக அறியப்பட்டிருந்தன. அப்படியானால் மாறியது என்ன என்று கேட்கலாம். அன்று மிளகு மருந்து மட்டுமல்ல, சமையலின் முதன்மையான காரமும் அதுதான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்து மிளகாய் வந்து சேர்ந்தது. மிளகுக் கொடிக்கு மலையின் ஈரமும் நிழலும் வேண்டும்; மிளகாய்க்குக் கரிசல் காடும் கொல்லைப்புறமும் போதும். விலையில் மிளகால் ஈடுகொடுக்க முடியவில்லை. குழம்பையும் துவையலையும் மிளகாய் எடுத்துக்கொள்ள, மிளகு ரசத்திலும் வெண்பொங்கலிலும் பிள்ளை பெற்றவளின் பத்தியச் சோற்றிலும் சளிக் கஷாயத்திலும் நின்றுகொண்டது. அதன் மேல் மருந்து வாசனை தூக்கலாக ஏறியது இப்படித்தான்.

சுக்குக் காப்பி இன்னும் இளையது. காப்பிக்கொட்டை ஒன்றுகூடச் சேராத இந்தப் பானம், 19ஆம் நூற்றாண்டில் சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் காப்பித் தோட்டங்கள் எழுந்து, பிறகு நகரத்து வீடுகளில் காப்பி காலைப் பழக்கமான பின்னரே அந்தப் பெயரைப் பெற்றிருக்க முடியும். பெயரோடு குடிக்கும் முறையும் வந்தது. தோல் சீவிய சுக்கையும் வறுத்த மல்லி விதையையும் ஏலக்காயோடு ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். கருப்பட்டியைக் கரைத்து, அடியில் மண் தங்க வடிகட்டி, அந்த நீரில் பொடியைப் போட்டுக் கொதிக்கவிட்டால் காரநெடி கூடத்துக்கு வந்துவிடும். மூக்கைப் பிடித்து விழுங்கும் கசப்புக் கஷாயம் போலன்றி, இதை டம்ளரில் ஆற்றி விருந்தாளிக்கும் கொடுக்கலாம். இரவில் பேருந்து நிலைய வாசலில் சைக்கிளில் விற்பவரிடம் வாங்குகிற பலருக்குச் சளியே இருக்காது. யாழ்ப்பாணத்தில் அதே மல்லி, அங்கே வேர்க்கொம்பு எனப்படும் சுக்கோடு அவிந்து கொத்தமல்லித் தண்ணியாகிறது.

2020இல் ஊரெங்கும் வழங்கிய கபசுரக் குடிநீருக்கு 15 சரக்குகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றனவே, மாறாத மரபு அதுதானே என்று சிலர் கேட்பார்கள். அது சித்த மருத்துவரின் மருந்து. அளவும் முறையும் அதற்கு வேண்டும். வீட்டுக் கஷாயம் கைப்பக்குவத்தில் வாழ்வது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் கெடுதல். இன்னொரு மறுப்பு வலுவானது: சளியை உண்டாக்கும் வைரஸை இவை கொல்வதாக நிரூபணம் இல்லை, பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் சளி தானே அடங்கும். இது உண்மை. ஆனால் 2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சளி பிடித்த 30 பேருக்குப் பழச்சாற்றுப் பானம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கில் காற்றோட்டம் அளவில் கூடவில்லை. ஆயினும் சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி ஆகியவற்றில் உடனே இதம் கிடைத்தது. சூடில்லாமல் குடித்தவர்களுக்கு அந்த மூன்றில் இதம் இல்லை. அந்தப் பானத்தில் சுக்கும் இல்லை, மிளகும் இல்லை. எனவே இதத்தைப் பழமையின் கணக்கில் எழுத வேண்டியதில்லை. திப்பிலி கைவசம் இல்லாத வீட்டில் ஓமமும், கருப்பட்டி கிடைக்காத ஊரில் வெல்லமும் போடுவது மரபை மீறுவது ஆகாது. தேனுக்கு மட்டும் கட்டாயம் ஒரு விலக்கு உண்டு: ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தக் கஷாயத்திலும் அதைச் சேர்க்கக் கூடாது.